அப்பாவின் ஆம்னிக்கு ஒரு ஜி.பி.எஸ். பெட்டி

(இ.சி.இ. மூன்றாமாண்டு மாணவன் ஒருவன்)

நண்பர்களே, தலைப்பைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேர் என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "போன்லயே மேப் இருக்கு. இந்தக் காலத்துல எவன்டா தனியா ஜி.பி.எஸ். பெட்டி வாங்குவான்?" நியாயமான கேள்விதான். ஹாஸ்டலில் இந்தக் கதையைச் சொன்னபோதும் முதலில் வந்தது இதே கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. மலர்க் குழு சில பக்கங்கள் ஒதுக்கித் தந்திருக்கிறது, அதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹெச்.ஓ.டி. வேறு "டெக்னிக்கலா ஏதாவது எழுதுப்பா, கவிதை வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். எப்படியும் இந்த மலருக்குப் பதினைந்து காதல் கவிதை வந்திருக்கும். ஒன்று குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை!

அப்பா நாமக்கல்லில் ஸ்டாண்டு வண்டி ஓட்டுகிறார். சொந்த வண்டி, மாருதி ஆம்னி. அந்த மாடல் தயாரிப்பைக் கம்பெனி 2019-லேயே நிறுத்திவிட்டது. அப்பா இன்னும் நிறுத்தவில்லை. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, கொல்லிமலை... இவைதான் வாடகை. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போய், அங்கிருந்து மேலே ஏறுகிற 70 கொண்டை ஊசி வளைவில் எந்த வளைவில் எதிரே பஸ் வந்தால் எங்கே ஒதுங்கணும் என்று அவருக்கு அத்துப்படி. "வண்டி ஓட்டுறவனுக்கு மேப்பு மண்டைக்குள்ள இருக்கோணும்" என்பது ஸ்டாண்டில் அவர் அடிக்கடி சொல்கிற வசனம்.

அப்படிப்பட்ட மனுஷன் தனியாக ஒரு பெட்டி கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு.

2024 நவம்பரில் வெளியூர்க் குடும்பம் ஒன்று கொல்லிமலைக்கு வண்டி எடுத்தது. அரப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை, வியூ பாயிண்ட் என்று நாள் முழுக்கச் சுற்றிவிட்டு இரவு நாமக்கல்லில் இறங்கினார்கள். வாடகை கிலோமீட்டர் கணக்கு, கிலோமீட்டருக்கு 15 ரூபாய். மீட்டரில் 134 ஓடியிருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவர் போனை எடுத்து நீட்டினார். "போக வர 120 தான் காட்டுது அண்ணே. மேப் பொய் சொல்லாது."

14 கிலோமீட்டர், 210 ரூபாய். அப்பா ஒன்றும் பேசாமல் 120-க்கான பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பெட்ரோல் போக அன்றைக்குக் கையில் நின்றதைப் பார்த்தால் 210 ரூபாய் சின்னப் பணம் இல்லை. ஆனால் அவருக்கு வலித்தது பணம் இல்லை. பின் சீட்டில் பெரியவர்கள், குழந்தைகள், எல்லோர் முன்னாலும் "மேப் பொய் சொல்லாது" என்றால் பொய் சொன்னது யார்?

ராத்திரி சாப்பிடும்போது கேட்டார். "ஏஞ்சாமி, நீ எலெக்ட்ரானிக்ஸ்தான படிக்கற? கண்ணாடியில ஒட்டற மாதிரி ஒரு பொட்டி வருமே, முந்தி ஒரு டாக்டர் கார்ல பாத்திருக்கறேன். அது என்ன வெலை இருக்கும்?"

"எதுக்குப்பா? உங்க போன்லயே..."

"போனு வேண்டாஞ்சாமி."

ஏன் வேண்டாம் என்பதற்கு அவர் சொன்ன காரணங்களை அப்படியே எழுதுகிறேன். போன் என்பது வாடகை வருகிற வழி. மேப் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் எதைப் பார்ப்பது, எதை எடுப்பது? சித்திரை வெயிலில் டேஷ்போர்டு மேல் வைத்தால் சூடேறி அணைந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் பூட்டைத் திறந்து, தேய்த்து, தேடி... அவ்வளவு நோண்டல் அவருக்கு ஆகாது. அவருக்கு வேண்டியது இதுதான்: சாவி போட்டதும் தானாக எரியணும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பெரிய எழுத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிகிற மாதிரி காட்டணும். மலைமேல் செல்போன் டவர் இல்லாத இடத்திலும் காட்டணும். கடைசியாக, வாய் பேசக்கூடாது. "பக்கத்துல உக்காந்துட்டு லெஃப்ட்ல போங்க, ரைட்ல போங்கன்னு சொல்றதுக்கு ஏற்கெனவே ஆளு இருக்குது. இன்னொண்ணு எதுக்கு?"

நண்பர்களே, ஒரு பொருள் வாங்கும் முன் ஸ்பெசிஃபிகேஷன் எழுதணும் என்று நமக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். பத்தாவது தாண்டாத என் அப்பா ஒரு தட்டு சோறு முடிவதற்குள் சொல்லிவிட்டார். பட்ஜெட் மட்டும் என்னுடையது: எனக்கு வந்த தமிழ்ப் புதல்வன் பணம் மூன்று மாதத்தது, 3,000 ரூபாய். அதற்குள் முடியணும்.

இந்த இடத்தில் மற்ற டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். "நெட் இல்லன்னா ஜி.பி.எஸ். வேலை செய்யாது" என்று நம்மில் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறோம். தப்பு. ஜி.பி.எஸ்.ஸுக்கு நெட்டும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். அமெரிக்க ராணுவத்தின் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இவ்வளவு" என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நம் பெட்டி மேலே எதையும் அனுப்புவதில்லை. வீட்டு ரேடியோ மாதிரி கேட்டுக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை.

சிக்னல் கீழே வந்துசேர ஒரு செகண்டில் நூறில் ஏழு பங்கு நேரம் ஆகிறது. எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால் தூரம் தெரியும். ஒரு மைக்ரோ செகண்டு பிசகினால் 300 மீட்டர் பிசகிவிடும். நம் பெட்டிக்குள் இருப்பதோ சாதா குவார்ட்ஸ் கடிகாரம். ஆகவே நீளம், அகலம், உயரம் மூன்றோடு 'என் கடிகாரம் எவ்வளவு தப்பு' என்பதையும் சேர்த்து நான்கு தெரியாத எண்கள், நான்கு சமன்பாடுகள், நான்கு செயற்கைக்கோள்கள். மேத்ஸில் அரியர் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். பெட்டியே போட்டுக்கொள்ளும்!

இந்தச் சிக்னலுக்கு யாரும் காசு கேட்பதில்லை. 1983 செப்டம்பர் 1-ல் கொரிய விமானம் ஒன்று வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது; 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜனாதிபதி ரீகன் ஜி.பி.எஸ்.ஸைப் பொதுமக்களுக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தார். 1995-ல் முழு அளவில் இயங்க ஆரம்பித்தது. அப்போதும் பொதுமக்கள் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தே அனுப்பினார்கள். 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும், அதாவது பஸ் ஸ்டாண்டில் நிற்கிற வண்டி பக்கத்துத் தெருவில் நிற்கிற மாதிரி தெரியும். 2000 மே முதல் தேதி இரவோடு அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். கார்க் கண்ணாடியில் ஒட்டுகிற பெட்டிகள் சாதாரண ஜனங்களிடம் பரவியது அதற்குப் பிறகுதான்.

ஆக, ஜி.பி.எஸ். பெட்டி வாங்கும்போது நாம் காசு கொடுப்பது வானத்துக்கு அல்ல. திரைக்கும், உள்ளே இருக்கிற மேப்புக்கும், பெயருக்கும்தான். இதைப் புரிந்துகொண்டால் கடையில் பாதி ஏமாற்றம் குறையும்.

இனி என்னென்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். புதுசாக ஒரு கார்மின் வாங்குவது என் 3,000-க்கு எட்டாது, அதை விட்டுவிடுங்கள். 'மேப் மை இண்டியா'காரர்களும் ஒரு காலத்தில் தனிப்பெட்டி விற்றார்கள். இப்போது கடைகளில் அது கண்ணில் படவில்லை. ஸ்டாண்டில் எல்லோரும் சொன்னது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. பெரிய திரை, பாட்டு, ரிவர்ஸ் கேமரா எல்லாம் ஒன்றாக வரும். நாமக்கல்லில் விசாரித்ததில் மாட்டுக் கூலியோடு 7,000-க்குக் கீழே யாரும் இறங்கவில்லை. விலை குறைந்ததில் மெமரி குறைவு. சாவி போட்டு அது விழித்து எழுந்து மேப் காட்டுவதற்குள் வண்டி சேந்தமங்கலம் போய்விடும். தவிர, ஆம்னி டேஷ்போர்டை அறுக்கணும். அப்பா "அறுக்கற வேலையெல்லாம் வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

அக்காவின் பழைய போன் ஒன்று பீரோவில் கிடந்தது. சிம் இல்லாமல் ஆஃப்லைன் மேப் ஏற்றிப் பார்த்தேன். நன்றாகவே வேலை செய்தது. செலவே இல்லாமல் வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஒரு ஹோல்டர், ஒரு சார்ஜர், தீர்ந்தது விஷயம். சென்னை, கோவை டிராஃபிக்கில் ஓட்டுகிறவர்கள் நெட்டோடு போன் வைத்துக்கொள்வதுதான் உத்தமம். எங்கே நெரிசல் என்று பழைய பெட்டிக்கு எப்படித் தெரியும்? ஆனால் அப்பாவின் முதல் நிபந்தனையிலேயே அக்கா போன் தோற்றது. சாவி போட்டால் சார்ஜ் ஏறும், மேப் எழாது. வெயில் பிரச்சினையும் அப்படியே இருந்தது.

மிச்சம் இருந்தது செகண்ட் ஹேண்ட் பெட்டி. அது ஏன் மலிவு என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. கார்மின் கம்பெனி 'நூவி' என்ற வரிசையை 2005-ல் கொண்டுவந்தது. நாலைந்து வருஷம் ராஜாவாக இருந்தது. 2009 அக்டோபரில் கூகிள், ஆண்ட்ராய்டு போனில் வழி சொல்லும் வசதி இலவசம் என்று அமெரிக்காவில் அறிவித்ததும் அன்றைக்கே கார்மின் பங்கு விலை சரிந்தது. அப்புறம் உலகம் முழுக்க அந்தப் பெட்டிகள் மேஜை டிராயருக்குள் போய்விட்டன. டிராயரிலிருந்து அவை எங்கே வந்து சேரும்? ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான்!

2025 ஜனவரியில் எங்கள் வகுப்பு இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குச் சென்னை போனது. மத்தியானம் சாரிடம் இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு நானும் என் ரூம் மேட்டும் ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். நாலைந்து கடையில் "ஜி.பி.எஸ்.ஸா? அதெல்லாம் இப்ப யாரு தம்பி வாங்குறா" என்று அனுப்பினார்கள். ஒரு கடையில் மட்டும் உள்ளே போய் அட்டைப்பெட்டியோடு மூன்றைக் கொண்டுவந்து வைத்தார். "செக் பண்ணியே எடுத்துக்கோ தம்பி. எடுத்தப்புறம் ரிட்டன் கெடையாது."

கடைக்குள் செக் பண்ண முடியாது. ஜி.பி.எஸ். சிக்னல் நம் கைக்கு வரும்போது அவ்வளவு பலவீனம், கூரையே அதற்குப் பகை. அந்தத் தெருவில் வானம் என்பதே ஒயர்களுக்கு நடுவே தெரிகிற ஒரு நாடா. ஆகவே மூன்றையும் எடுத்துக்கொண்டு அண்ணா சாலை நடைபாதைக்குப் போனோம். நாங்கள் ஓடிவிடாமல் இருக்கக் கடைப் பையன் ஒருவனும் கூட வந்தான்.

முதல் பெட்டி ஊர் பேர் தெரியாத ஏழு இஞ்ச் சரக்கு. பார்க்கப் பளபளவென்று இருந்தது. சீக்கிரமே சிக்னலும் பிடித்தது, இடமும் சரியாகக் காட்டியது. தேதியைப் பார்த்தேன்: 2005 ஜூன்! ரூம் மேட் சிரித்தான். இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஜி.பி.எஸ். சிக்னலில் வாரத்தின் எண் வருவது 10 பிட்டில். 10 பிட் என்றால் 0 முதல் 1023 வரை. 1024 வாரம், அதாவது பத்தொன்பதரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனதும் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை ஆனது, 2019 ஏப்ரலில் மறு தடவை. இதைச் சமாளிக்கத் தெரியாத பழைய சாஃப்ட்வேர் சரியாக ஒரு சுற்று பின்னால் போய் நிற்கும். தேதி தப்பாக இருந்தால் அந்தப் பெட்டியை யாரும் 2019-க்கு அப்புறம் கவனிக்கவில்லை என்று அர்த்தம். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தேதிதான். அதன் மேப்பும் எங்கிருந்தோ காப்பி அடித்துப் போட்டது, புதுப்பிக்க வழியில்லை. தள்ளி வைத்தேன்.

இரண்டாவது ஒரு டாம்டாம். பேட்டரி முழுக்கச் செத்திருந்தது, உள்ளே ஐரோப்பா மேப். அதன் மேப்பை நாமாக மாற்றுவது சுலபமில்லை என்று முன்பே படித்திருந்ததால் ரொம்ப நேரம் செலவழிக்கவில்லை.

மூன்றாவது ஐந்து இஞ்ச் நூவி. துபாயிலிருந்து வந்ததாம். ஸ்விட்ச் போட்டு இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம்... சிக்னல் கோடு ஒன்றுகூட ஏறவில்லை. "இது டெட்டுண்ணா, வாங்க போலாம்" என்றான் கடைப் பையன், வெயில் தாங்காமல். நான் நகரவில்லை. காரணம் இது: பெட்டி கடைசியாகத் துபாயில் வேலை செய்தது, இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு அங்கே தெரிய வேண்டிய செயற்கைக்கோள்களைத் தேடுகிறது. செயற்கைக்கோள் தகவல் வருவதோ செகண்டுக்கு வெறும் 50 பிட் வேகத்தில். ஒரு செயற்கைக்கோள் தன் சொந்தப் பாதையைச் சொல்லி முடிக்க அரை நிமிஷம். மொத்தக் கூட்டத்தின் பட்டியலையும் சொல்லி முடிக்க பன்னிரண்டரை நிமிஷம். போனில் உடனே வருகிறதே என்றால், அது இந்தப் பட்டியலை நெட் வழியாக வாங்கிக்கொள்கிறது. பெட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. பதினோராவது நிமிஷத்தில் ஒரு கோடு எழுந்தது, அப்புறம் கடகடவென்று நான்கு. தேதி சரி. தொடுதிரை நான்கு மூலையிலும் வேலை செய்தது. மெமரி கார்டு போட இடம் இருந்தது. 2,500 என்று ஆரம்பித்ததை 1,800-க்கு முடித்தோம். சக்ஷன் கப்போடு சேர்த்து.

ஊருக்கு வந்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியில் ஒட்டிப் போட்டுப் பார்த்தார். நெடுஞ்சாலை ஒரே ஒரு கோடாகத் தெரிந்தது. மற்றபடி வெறும் வெள்ளை, நடுவே ஒரு குட்டிக் கார். துபாயில் விற்ற பெட்டி, அந்தப் பக்கத்து மேப்தான் அதில் விரிவாக இருக்கும். "என்ன சாமி, நம்மூரு பாலைவனமா ஆயிருச்சு?" என்றார்.

மேப்புக்கு நான் நம்பியிருந்தது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஆரம்பித்தது; உலகம் முழுக்க ஜனங்களே வரைகிற மேப், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். தென்னிந்தியா மட்டும் தனி ஃபைலாகக் கிடைக்கிறது. அதைக் கார்மின் பெட்டி படிக்கிற மாதிரி மாற்றித் தரும் இலவச ஜாவா புரோகிராம் இருக்கிறது. கம்ப்யூட்டர் லேபில் இரண்டு சனிக்கிழமை போனது. மெமரி கார்டில் 'கார்மின்' என்று ஃபோல்டர் போட்டு, பெட்டி எதிர்பார்க்கிற பெயரையே ஃபைலுக்கு வைக்கணும். ஓர் எழுத்து மாறினாலும் கண்டுகொள்ளாது. எல்லாம் சரியாக அமைந்து, நாமக்கல் கோட்டையைச் சுற்றித் தெருக்கள் திரையில் வந்தபோது லேபிலேயே கத்திவிட்டேன். லேப் அசிஸ்டெண்ட் எட்டிப் பார்த்தார்.

அப்பா அவ்வளவு சீக்கிரம் மயங்குகிறவர் இல்லை. மலை முழுக்க விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "சோளக்காட்டுக்கு அந்தால ஒரு கிளை ரோடு போவுமே, அது எங்க? இந்த ரோடு இப்படி வளையாது. யாரு சாமி வரைஞ்சது இத?" யார் வேண்டுமானாலும் வரையலாம், நீங்களும் வரையலாம் என்றேன். நம்பவில்லை. அதற்கு ஒரு விதி உண்டு: வேறு கம்பெனி மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது, நேரில் போய்ப் பார்த்ததை வரையலாம். நூவி தான் போன பாதையைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் கிளை ரோட்டில் ஒரு நாள் வாடகை போனபோது பாதை பதிவானது. அதை வைத்து நான் கம்ப்யூட்டரில் கோடு இழுத்தேன், ரோடு எங்கே தார், எங்கே மண் என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அடுத்த மாதம் மேப்பைப் புதுசாக மாற்றி ஏற்றினபோது அந்த ரோடு பெட்டிக்குள் இருந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஸ்டாண்டில் ஏழெட்டுப் பேருக்குக் காட்டியிருக்கிறார்!

வயரிங்கில் ஒரு வேடிக்கை. சாதாரண யு.எஸ்.பி. ஒயரில் கரண்ட் கொடுத்தால் நூவி கம்ப்யூட்டரோடு சேர்ந்துவிட்டதாக நினைத்து, மேப் காட்டாமல் கம்ப்யூட்டர் படத்தைக் காட்டி உட்கார்ந்துவிடும். அது கார் சார்ஜரைத் தெரிந்துகொள்வது மினி யு.எஸ்.பி.யின் நான்காவது பின்னை வைத்து. அந்தப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 18 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துச் சால்டர் அடித்தேன். உடனே மேப்புக்கு வந்துவிட்டது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க நம்மவர்கள் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது 7805 ஐ.சி. ஒரு ஆம்பியர் இழுத்தால் மிச்சமுள்ள 7 வோல்ட்டும் 7 வாட் சூடாகத்தான் போகும். அப்பா ஏற்கெனவே சூட்டால் போனை வெறுத்தவர். ஆகவே சின்ன பக் கன்வர்ட்டர் போர்டு ஒன்றைப் போட்டு, இக்னிஷன் லைனில் ஃபியூஸோடு இணைத்தேன். சாவி போட்டால் எரிகிறது, எடுத்தால் அணைகிறது. முதல் நிபந்தனை நிறைவேறியது. குரலை அப்பாவே பூஜ்யத்துக்குக் குறைத்துக்கொண்டார்.

2025 மார்ச்சில் மறுபடி ஒரு கொல்லிமலை வாடகை. நானும் லீவில் இருந்ததால் பின்னால் ஏறிக்கொண்டேன். கிளம்பும்போது பெட்டியில் டிரிப் கணக்கைப் பூஜ்யமாக்கினோம், ஓடோ மீட்டரையும் குறித்துக்கொண்டோம். அதே கோயில், அதே ஆகாய கங்கை, அதே வியூ பாயிண்ட். மேலே போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பெட்டி தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இரவு நாமக்கல்லில் வந்து நின்றபோது ஓடோ மீட்டரில் 134. பெட்டியில் 131.

அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவசரமாகச் சொன்னேன்: "அன்னிக்கு அவங்க காட்டின 120, நேரா கோயிலுக்குப் போய் நேரா வர்ற தூரம்ப்பா. நடுவுல சுத்தினது அதுல வராது. நீங்க சொன்னதுதான் சரி." அப்பாவின் கண் 131-லேயே இருந்தது. "அப்ப இந்த மூணு?"

அந்த மூன்றுக்கு விடை டயரில் இருந்தது. ஓடோ மீட்டர் தூரத்தை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்று எண்ணுகிறது. ஆம்னி டயர் புதுசில் ஏறக்குறைய 268 மில்லிமீட்டர் ஆரம். அப்பாவின் டயர் சுமார் 6 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. ஆரம் இரண்டேகால் சதவீதம் குறைந்தால் அதே தூரத்துக்குச் சக்கரம் அந்த அளவு அதிகமாகச் சுற்றும். 131-க்கு இரண்டேகால் சதவீதம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட மூன்று. ஜி.பி.எஸ். மேடு பள்ளத்தை விட்டுவிட்டுக் குறைவாகக் காட்டியிருக்குமோ என்றும் யோசித்தேன். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறுகிற ரோட்டில்கூட 20 கிலோமீட்டருக்கு 36 மீட்டர்தான் வித்தியாசம் வரும், அது கணக்கிலேயே சேராது.

காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அப்பா வண்டியை விட்டு இறங்கி, குனிந்து, டார்ச் அடித்து டயரைப் பார்த்தார். பார்ட்டி அதற்குள் பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நூத்தி முப்பத்தி ஒண்ணுங்க" என்று சொல்லி 131-க்குத்தான் பணம் வாங்கினார். வீட்டுக்குப் போகிற வழியில், "டயர் தேயத் தேய நானு கூட வாங்கிட்டே இருந்திருக்கறேன் சாமி. எத்தன வருசமோ" என்றார். எல்லா வண்டியிலும் இப்படித்தான்ப்பா, தேய்ந்த டயரில் ஓடுகிற எந்த மீட்டரும் இதைத்தான் காட்டும் என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். வண்டி கிளம்பும் முன், முன் சீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டு, "பாத்துக்கங்க, பூஜ்யம் போடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கியர் போடுவார். இறங்கும்போது அந்தப் பெட்டியைத்தான் காட்டுகிறார். அதற்குப் பிறகு கிலோமீட்டர் தகராறு ஒன்றுகூட வந்ததாகச் சொல்லவில்லை. ஸ்டாண்டில் இன்னும் இரண்டு பேர் இதே மாதிரி பெட்டி கேட்டிருக்கிறார்கள். வாரக் கடைசியில் சால்டரிங் அயர்னோடு போகணும்.

பெட்டியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்து இதில் வராது, ஊர்ப் பெயர் இங்கிலீஷில்தான். தெருப் பெயர், கதவு எண் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கையை விரிக்கிறது. பேட்டரி இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்காது. வெயிலில் சக்ஷன் கப் கழன்று விழுகிறது. அப்பா தினமும் ஈரத் துணியால் துடைத்து ஒட்டுகிறார். நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்கள் 2013-லிருந்து மேலே போயும் இந்தப் பழைய பெட்டிக்கு அவற்றைக் கேட்கிற காது கிடையாது.

செலவுக் கணக்கு: பெட்டி 1,800, மெமரி கார்டு 350, கன்வர்ட்டர், ஃபியூஸ், ஒயர், கனெக்டர் எல்லாம் 240. மீதி 610 ரூபாயை அப்பாவிடம் கொடுத்தேன். டயர் கணக்கில் வைத்துக்கொள் என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார். முன் சக்கரம் இரண்டும் மே மாதம் மாற்றியாகிவிட்டது.

யாருக்காவது தென்னிந்திய மேப் ஃபைல் வேண்டுமானால் பென் டிரைவோடு கம்யூனிகேஷன் லேபுக்கு வாருங்கள். சனிக்கிழமை மத்தியானம் அங்கேதான் இருப்பேன். உங்கள் ஊர்ப் பக்கம் மேப்பில் இல்லாத ரோடு ஏதாவது இருந்தால் அதையும் ஒரு தாளில் வரைந்து கொண்டுவாருங்கள், சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு ஏற்றலாம். செம்மேட்டில் அப்பா வழக்கமாக நிறுத்துகிற டீக்கடை போன வாரம் ஏறிவிட்டது.